மாமரத்தின் கீழ் சோயா

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஒருநாள் சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்கு நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் தன் அயல்வீட்டுக்காரியிடம் சொன்னாள்:

"மாமரம் நிண்டால் நாங்கள் பட்டினியாம், அக்கா."

"ஆர் சொன்னது?"

"என்ரை மனுசன்தான். மரத்துக்குக் கீழை சோயா போட்டவரெல்லே. நிழலிலை இடுப்பளவுக்கு வளர்ந்து சரிஞ்சு கிடக்குது. ஒரு காய் இல்லை."

"ஆட்டுக்குப் போடு."

"ஆடும் வித்தாச்சு."

"வெயில் விழுற இடத்திலை போட்டிருக்கலாமே?"

"எங்கடை வளவிலை அப்பிடி இடம் எங்கை இருக்கு?"

"அப்ப கொப்புகளைத் தறிக்கச் சொல்லன்."

"தறிச்சவர். அது காணாதாம், இன்னும் நிழல்தானாம். அது மூத்தவன் சின்னனிலை வைச்ச மரம், அக்கா. மலாயாவுக்குப் போகேக்கை, நான் வருமட்டும் வெட்டக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். அங்கை யப்பான்காரன் வந்தாப் பிறகு அவன்ரை கடுதாசி ஒண்டும் இல்லை."

"மனுசன் என்ன சொல்லுறார்?"

"இருக்கிற பிள்ளையள் சாப்பிட வேணுமெண்டுறார். அவன் வரமாட்டான் எண்டு வாய்விட்டுச் சொல்லேல்லை."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்களிட்டைத்தான் கோடாலி கேட்டு வருவார். இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ."

மற்றவள் கையிலிருந்த பையை மடித்தாள். "நேற்றுப் பின்னேரமே வந்து வாங்கிக்கொண்டு போட்டாரே, பிள்ளை. விறகு கொத்த எண்டவர்."

எனக்கு முன்னால் நின்றவள் தன் வீடிருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அரிசி முடியப்போகிறது என்று முன்னால் யாரோ சொன்னார்கள். அவளுக்கு முன்னால் நாலைந்து பேர்தான் நின்றார்கள். அவள் வரிசையை விட்டுப் போகவில்லை.