ஒரு கசப்புக் கிழங்கும் இரண்டு கட்சிகளும்

முறிந்த மேசைக்கு முழங்காலை முட்டுக்கொடுத்தபடியே தலைமையும் தாங்கும் கங்காணி குழந்தைவேலு அவர்களே! நடந்தால் ரப்பர் மரமே விலகி வழிவிடும் பெரியோர்களே! அரிசி காணா அடுப்பில் அமுதம் ஆக்கும் தாய்மார்களே! மேல் லயத்து வரிசை வீடுகளின் சங்கக் கட்சியே! கீழ் லயத்துச் சும்மா இருப்போம் கட்சியே! வணக்கம்.

இந்திய சுதந்திரச் சங்கத்தில் சேரலாமா, கூடாதா என்று தொடங்கிய பேச்சு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கலாமா, கூடாதா என்று வந்து நிற்கிறதே, ஏன்? கொள்கையாலா? கோட்பாட்டாலா? கிழங்காலய்யா, கிழங்கால்!

மேல் லயத்து அய்யாவு, கீழ் லயத்துப் பரஞ்சோதி வீட்டுக்கு ஒன்பது மாதம் மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார். குவித்திருந்தால் இமயமலை கூனிக் குறுகியிருக்கும்! அத்தனையும் வாயில் வைத்தால் வெண்ணெய். பத்தாம் மாதம் ஒரேயொரு கிழங்கு கசந்தது. அன்று மாலை அது கசப்பு. மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில் அது விஷம். வெள்ளிக்கிழமை கோலா கெத்தில் சந்தையில், சங்கத்தார் அத்தனை பேருமே விஷம் வைப்பவர்கள்!

"கசந்துச்சா இல்லியா? அதச் சொல்லு லா!"

கசந்தது, பரஞ்சோதி அண்ணே! இனித்தவை எங்கே? வயிற்றுக்குள் போயின; வாய்ப் பேச்சுக்கு மட்டும் வரவில்லை.

சிரிக்காதீர்கள், அய்யாவு அண்ணே! காய்ச்சலில் கிடந்த உங்களைக் கீழ் லயத்தார் நாலு மைல் சுமந்துபோய் மருந்து வாங்கித் தந்தார்கள். அது மறந்தது. அவர்களில் ஒருவர் கணக்கெழுதும் கிராணியிடம் உங்களைப் பற்றிக் கோள் சொன்னது மட்டும் கல்வெட்டாய் நிற்கிறது.

"சொன்னான்ல?"

சொன்னார். உங்கள் தலைமாட்டைச் சுமந்தவரும் அவரேதான்!

இதற்கிடையே, எல்லாரும் சேர்ந்து நட்ட கிழங்குக் கொல்லையில் காட்டுப்பன்றிகள் புகுந்துவிட்டன. ஒவ்வொன்றும் யானைக்குப் பெரியப்பா! ஒரே நாளில் மூன்று வரிசை காலி. இன்னும் ஒரு வாரம் விட்டால் நம் பிள்ளைகளுக்கு இரண்டு மாதச் சோறு இல்லை. ஜப்பான்காரர் அளக்கும் அரிசியோ, மெதுவாய்ச் சொல்கிறேன், காக்கைக்கும் காணாது. வேலி கட்ட முள்கம்பி கீழ் லயத்தில். கழி வெட்டும் பாராங் கத்தி மேல் லயத்தில். கம்பி கேட்க இவர்களுக்குக் கௌரவம். கத்தி கேட்க அவர்களுக்கு ரோஷம். பன்றிக்கு மட்டும் இரண்டு கட்சிக் கிழங்கும் ஒரே ருசி!

அடடா, பரஞ்சோதி அண்ணனின் மனைவி மருதம்மாள் அக்கா எழுந்துவிட்டாரே!

"கம்பி எங்கூட்டுல கெடக்கு, நான் எடுத்தாறேன். அய்யாவு அண்ணே, நீங்க போயி கழி வெட்டுங்க. சங்கத்த நாளைக்குப் பேசிக்கலாம்."

கேட்டீர்களா! நாளைக்குப் பேசுங்கள், வேண்டிய மட்டும் சண்டை போடுங்கள். இன்று கம்பியின் ஒரு முனையைப் பரஞ்சோதி அண்ணன் இழுக்கட்டும், மறுமுனையை அய்யாவு அண்ணன் இழுக்கட்டும். எதிரெதிரே இழுத்தால்தானே வேலி விறைப்பாய் நிற்கும்? அந்த வேலைக்கு இவ்விருவரை வெல்ல இந்தக் கெடா மாநிலத்திலேயே ஆள் உண்டா?

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கு நன்றி. கொல்லைக்குக் கிளம்பும் கால்களுக்கு என் வணக்கம்!