ஒன்றரை மடங்கு

அன்று காலை கரையில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, படகுக்குப் பாய் தைத்துக் கொடுத்தவர், நான். வெயில் இதமாக இருந்தது. அண்ணி புதுத் தொப்பி போட்டிருந்தார்.

படகின் வரைபடம் என்னுடையது. ஒல்லியான உடல், பக்கத்தில் ஒரு சிறு மிதவை, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இரண்டு குறுக்குக் கழிகள், ஒரு பாய். இருவர் போகலாம். வீட்டு ஷெட்டில் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளும்படி வரைந்திருந்தேன். மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்க வேண்டிய பகலில் வரைந்தது. "வேலையை விடுடா, ரெண்டு பேரும் சேர்ந்து இதையே தொழிலாப் பண்ணலாம்" என்று அண்ணன் சொன்னார். விட்டேன்.

நான்கு பேர் போகிற மாதிரி பெரிதாக்கலாம் என்றதும் அவர்தான். "எல்லாத்தையும் ஒன்றரையால பெருக்கிட்டேன். அவ்வளவுதானே?" என்று கேட்டார். அவ்வளவு இல்லை. எல்லாம் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் கழி தாங்க வேண்டிய சுமை ஐந்து மடங்காகும். கழியின் பலமோ மூன்றரை மடங்குகூட ஆகாது. கழியை மட்டும் இன்னும் தடிமனாக்க வேண்டும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பாய் தைப்பவர் அளவெடுக்க வந்துவிட்டார்.

"யார் டிசைன்ப்பா இது?" என்றார்.

"முழுக்க என்னோடது," என்றார் அண்ணன். "தம்பி கூடமாட ஒத்தாசை பண்றான். வேலைவெட்டி இல்லாம இருக்கான், பாவம்."

"உனக்காவது ஒத்தாசைக்கு ஆளிருக்கு. எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட ஆளில்ல."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அண்ணனிடம், "அவ்வளவுதான், சரியா இருக்கு" என்றேன்.

அண்ணன் ஒன்றும் முட்டாள் இல்லை. கழி தாங்குமா என்று ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். "நீ பாத்தாப் போதும்டா, எனக்குத் திருப்தி." இரண்டு முக்காலிகளுக்கு நடுவே கழியை வைத்து மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டேன். பாதிச் சுமையிலேயே விரிசல் விட்டது. பசை ஏற்றி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். தடவிப் பார்த்தாலும் தெரியாது.

அண்ணனும் அண்ணியும் மட்டும் ஏறிப் போனார்கள். பாறைச் சுவரைத் தாண்டியதும் காற்று வலுத்தது. கழி முறிந்தது, மிதவை தனியே போனது, படகு கவிழ்ந்தது. மீட்புப் படகை அழைத்தது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனை இன்னும் தேடுகிறார்கள். அண்ணி கிடைத்துவிட்டார், தாமதமாக.

ஷெட்டைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கரைக்குக் கிளம்பும் முன் அங்கே வைத்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்குத் தெரிந்தவன் யார் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும் அல்லவா? என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"அக்காவுக்கு நீச்சல் தெரியாதுங்க," என்றாள். "என் போனைக் குடுங்க."

துரோகத்துக்கு வீட்டில் ஒருவர் போதும் என்று நினைத்திருந்தேன். போன் என் சட்டைப்பையில் இருந்தது. தண்ணீர் பாட்டிலை அவள் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன். பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். வேலையில் அலட்சியம் எனக்குப் பிடிக்காது.