முப்பத்தொன்பதாம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள ஆவுடையப்பன் அவர்களுக்கு,

கிட்டங்கித் தெரு வரலாற்றுக்கு இரண்டாம் பதிப்பு போடப்போவதாகவும், திருத்தங்கள் இருந்தால் இந்த மாதத்துக்குள் அனுப்பும்படியும் எழுதியிருந்தீர்கள். மூன்று இருக்கின்றன.

பக்கம் 11-இல் நகராட்சிக் குழாய் வந்த ஆண்டு 1961 அல்ல, 1963. பக்கம் 24-இல் வண்டிப்பேட்டையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஐயாதுரை. ஐயாச்சாமி என்று அச்சாகியிருக்கிறது. மூன்றாவது, பக்கம் 39-இல் ஒரு வாக்கியம். அதைக் கொஞ்சம் விளக்கித்தான் எழுத வேண்டும்.

நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சகம் வைத்திருப்பவர். எங்கள் தெருவுக்கு நான்கைந்து முறை வந்திருப்பீர்கள். ராஜபாளையத்தில் இப்படி ஒரு பக்கம் அடைத்த தெருக்கள் நிறைய இல்லை. உள்ளே வரும் வழியில்தான் வெளியேயும் போக வேண்டும். தெரு முடிகிற இடத்தில் பஞ்சு அடைத்துவைக்கும் கிட்டங்கி இருந்தது. அதற்கு நேர் எதிரே என் வீடு.

கிட்டங்கிக் கதவில் ஓர் அமுக்குப் பூட்டு பகலெல்லாம் திறந்தபடி நாதாங்கியில் தொங்கும். பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், அமுக்கினால் போதும். திறக்கிற சாவி வாட்ச்மேன் சங்கையாவின் இடுப்பில் இருக்கும். கதவு திறந்து கிடந்தால் ஆடு நுழைந்து பஞ்சைக் கலைத்துவிடும். அதனால் தெருவில் போகிற யாராக இருந்தாலும் வாசலைப் பார்த்து, செருப்பு எதுவும் கிடக்காவிட்டால் பூட்டை அமுக்கிவிட்டுப் போவோம். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு. பூட்டு விழுந்திருந்தால் ஆள் இல்லை. எங்கள் தெருவில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த வழக்கத்தை முதல் பதிப்பில் எழுத விட்டுப்போனது. சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை ஏசம்மாள் அந்தக் கிட்டங்கியில் கழிவுப் பஞ்சு தரம் பிரித்தாள். என்னைவிடப் பதினோரு வயது இளையவள். அம்மா போன பிறகு நான்தான் வளர்த்தேன். அவளுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று தெருவில் சொல்வார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. யாராவது சொன்னால் மறுத்ததும் இல்லை.

1984 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, சாயங்கால பஸ்ஸில் அவள் திருப்பூர் போவதாக இருந்தாள். பனியன் கம்பெனியில் வேலை சொல்லிவைத்திருந்தார்கள். அன்று காலை தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

“நீ இந்தத் தெருவுலயே கெட, அக்கா. எனக்கு இங்க மூச்சு முட்டுது.”

கோபமாகச் சொல்லவில்லை. சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டி ஜன்னல் வழியே போட்டுவிட்டு, வாங்க வேண்டிய கூலியை வாங்கி வருவதாகப் போனாள்.

சனிக்கிழமை கிட்டங்கிக்கு அரைநாள். ஒரு மணிக்குமேல் நான் வாசலுக்கு வந்தபோது எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். கிட்டங்கி வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. உள்ளே பேச்சுக் குரல். அவளோடு பஞ்சு பிரிக்கும் சுடலையம்மாள் தன் மகனுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு சட்டை வாங்கி அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏசம்மாள் அளவு கேட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

நான் இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பூட்டை அமுக்கினேன்.

சங்கையா சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பார். பூட்டு விழுந்திருக்கும், செருப்பு இருக்காது. வீட்டுக்குப் போய்விடுவார். பஸ் போனபிறகு நானே அவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வேன். மறுநாள் ஞாயிறு, ஏசம்மாள் என்னோடு கோயிலுக்கு வருவாள், மனம் மாறும். அவர்கள் கதவைத் தட்டினாலும் தெருவின் கடைசியில் கேட்கக்கூடியவள் நான் ஒருத்திதான். யோசித்துத்தான் செய்தேன். அவசரப்பட்டுச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டரை மணிக்குக் கூரையிலிருந்து புகை வந்தது. மின்கம்பியிலிருந்து பொறி விழுந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். தெருவே திரண்டு வந்து குடம் குடமாகத் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக் கூரைகளில் ஊற்றியது.

“ஏலே, உள்ள ஆரும் இருக்காவளா?” என்று யாரோ கேட்டார்.

“பூட்டுத் தொங்குதுல்லா, கண்ணு தெரியலையா ஒனக்கு?” என்று இன்னொருவர் சொன்னார்.

நான் அவர்களுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். உள்ளே ஆள் இருக்கிறது என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் கிடைப்பதற்குள் கூரை விழுந்துவிட்டது. கதவு தட்டும் சத்தம் கேட்டதாகச் சிலர் பிறகு சொன்னார்கள். அவர்களுக்குக் கேட்டிருக்கலாம்.

பூட்டைத் தான் அமுக்கவில்லை என்றும், செருப்பு இல்லாததால் யாரும் இல்லை என்று போய்விட்டதாகவும் சங்கையா போலீசில் சொன்னார். அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை, நம்பவும் இல்லை. அவருக்கு வேலை போனது. அதோடு விஷயம் முடிந்திருந்தது.

பத்து வருஷம் கழித்து நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தெருவின் வரலாற்றை எழுத ஆரம்பித்தேன். பேட்டி எடுக்க நீங்களும் கூட வந்தீர்கள். சங்கையாவின் மனைவி வெள்ளத்தாயிடம், அன்றைக்குக் கதவைப் பூட்டியது யார் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். அந்தக் கேள்வி என் பட்டியலில் இல்லை.

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு உங்களைப் பார்த்துச் சொன்னாள்.

“அவிய பூட்டுனாவ.”

வீட்டுக்காரரா என்று கேட்டீர்கள். அவள் பேசவில்லை. “புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க, அப்படித்தானே டீச்சர்?” என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள். நான் ஆமாம் என்றேன்.

வெள்ளத்தாய் தன் புருஷனை ஒருநாளும் ‘அவிய’ என்று சொன்னதில்லை. ‘எங்க ஆளு’ என்பாள். அது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவள், காலித் தூக்குவாளியோடு திரும்பும்போது, நான் பூட்டை அமுக்கிய நேரத்தில், வேப்பமரத்தடியில் நின்றதை நானும் பார்த்தேன். அவளுடைய இரண்டு பெண்களும் என்னிடம் படித்தவர்கள். அவள் வீட்டுக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொன்னவள் நான். என் முகத்துக்கு நேரே ‘நீங்க’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மரியாதையாக ‘அவிய’ என்றாள். ‘அவர்’ என்பதைப் போல ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல் அது.

‘அன்று என் கணவர்தான் பூட்டினார்’ என்று எழுதி உங்களிடம் கொடுத்தேன்.

புத்தகம் வந்ததும் யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளத்தாய் என் வாசலுக்கு வந்து, படி ஏறாமல் நின்றாள்.

“நா அப்படிச் சொல்லலையே, டீச்சர்.”

“அவியன்னுதான சொன்ன?”

“ஆமா.”

“அதத்தான எழுதியிருக்கேன்.”

அவள் போய்விட்டாள்.

சுடலையம்மாளின் மகன் சுந்தரபாண்டியன் அந்த வரியை டீக்கடையில் வாசித்தான். 1995 பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் சங்கையாவை வழிமறித்தான். நான் பூட்டலைப்பா என்று அவர் சொன்னாராம். “ஒம் பொண்டாட்டியே சொல்லுதா, நீ என்ன இல்லங்குத?” என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டியிருக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நம் புத்தகத்தையும் சாட்சியமாக வைத்தார்கள். ‘ஞானபாக்கியம்’ என்று கூப்பிட்டார்கள், போனேன். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதினீர்களா என்று வக்கீல் கேட்டார். பொருள் மாறாமல் எழுதினேன் என்றேன். கூண்டில் நின்றபடி அவன் எனக்கு வணக்கம் சொன்னான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். ஆயுள் தண்டனை.

வெள்ளத்தாய் போன மாதம் காலமானாள். அவள் சொன்ன சொல்லுக்கு இனி நாம் இருவர்தான் சாட்சி. அதனால்தான் இந்தக் கடிதம். கிட்டங்கி இருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. என் வாசலைத் திறந்தால் அதுதான் தெரியும். நான் எங்கும் போகவில்லை. இரண்டு ஜோடிச் செருப்பும் என் பீரோவின் அடித்தட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

ஆக, திருத்தம் இதுதான். பக்கம் 39, ஆறாவது வரியில் ‘அன்று என் கணவர்தான் பூட்டினார்’ என்பதை எடுத்துவிட்டு, அவள் சொன்னபடியே ‘அவிய பூட்டுனாவ’ என்று போடுங்கள். பெயர் எதுவும் சேர்க்க வேண்டாம். வரலாறு எழுதுகிறவர் தன்னை நடுவில் கொண்டுவரக் கூடாது.