பிரேமாவதிக்கு எழுதிக் கொடுத்த தமிழ் நோட்ஸ்

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். கரும்பலகையில் நான் எழுதியதை அழிக்க மனம் வராமல் மறுநாள் வரைக்கும் விட்டுவைத்த ஆசிரியர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் உண்டு. அதனால், சுப்பிரமணியம் தம்பி, என் தமிழ் நோட்ஸைத் தட்டச்சு செய்யாமல் என் கையெழுத்திலேயே புத்தகமாகப் போடலாம் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

ஆனால் புத்தகம் வேண்டாம். உங்கள் படிப்பகத்தின் சார்பில் பொன்னாடை வாங்கியாகிவிட்டது என்றீர்கள். அதையும் வேறு யாருக்காவது போர்த்திவிடுங்கள். ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். என் மனைவி ஜோசபின் சர்ச்சுக்குப் போயிருக்கிறாள். டீ ஆறிப்போகும், குடியுங்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியாகப் பட்டம் படிக்கலாம் என்று வந்தபோது லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் முதலில் சேர்ந்தவன் நான்தான். வரலாறு, சமூகவியல், பொருளாதாரம், அரசியல், தத்துவம் என்று பழுப்பு உறைகளில் பாடங்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் ஆங்கிலம். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் இருந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கு அது இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய்க்கு மாறுவதற்காக ஒரு வருஷம் ரிமூவ் வகுப்பு, அப்புறம் மலாய்ப் பள்ளி என்று வந்தவர்கள். ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு பொழுது வேண்டும் அவர்களுக்கு. அதனால் நான் பாடங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு காசு வாங்கியதில்லை. சனிக்கிழமை மத்தியானம் இந்தக் கூடத்தில்தான் வகுப்பு. ஜோசபின் கடலை வேகவைத்துத் தருவாள்.

முதல் மாணவன் அழகேசன். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் வளர்ந்த பையன். அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த நோட்ஸில் ஒரு பிழைகூடக் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரே மூச்சில் பாஸ் செய்து கோலாலம்பூரில் அரசாங்க வேலைக்குப் போனான். அடுத்த வருஷம் லூனாஸ் பசாரில் அவனைப் பார்த்தேன். புதுக் கார். பக்கத்தில் பெண்டாட்டி. நான் மீன் பையோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். வெயிலுக்காக ஏற்றியிருக்கலாம். நான் வீட்டுக்கு வந்து மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக முடித்துப் போய்விட, அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் இந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

பிரேமாவதி வந்தது அப்போதுதான். மரத்தைச் சீவி ரப்பர்ப் பால் எடுக்கிற பழனியாண்டியின் மகள். எங்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. படித்துப் பாஸ் செய்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்கள் என்ற நிலைமை. நீங்கள் வேறு மாதிரி எதையும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெண்ணை நான் என் மகளாகத்தான் பார்த்தேன். அவ்வளவு அறிவுள்ள பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒரு கருத்தைச் சொன்னால் அதற்குத் தோட்டத்திலிருந்தே உதாரணம் எடுத்துக் கொடுப்பாள். சமூகத்தில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் நடத்தியபோது, "கங்காணி குடை பிடிச்சிக்கிட்டு வந்தா மழை இல்லாட்டியும் நாம ஒதுங்குறோம்ல சார், அதானே?" என்றாள். பாடம் எழுதிய பேராசிரியருக்குக்கூட அது தோன்றியிருக்காது.

முதல் பரீட்சையில் அவள் தத்துவத்தில் தவறினாள். அது என்னால்தான், ஆனால் வேண்டுமென்று செய்ததல்ல. ஓரிடத்தில் எதிர்மறையை விட்டுவிட்டு எழுதியிருந்தேன். பிறகு சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது. அவளிடம் சொல்லத்தான் இருந்தேன். அவள் அழுதுகொண்டே வந்து, "சார், அடுத்த வருஷமும் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டாள். கொடுப்பேன் என்றேன். அன்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். என்ன காரணம் என்று அப்போது யோசிக்கவில்லை.

இரண்டாம் வருஷம் யோசித்தே செய்தேன்.

அதிகம் ஒன்றும் தேவைப்படவில்லை. தத்துவத்தில் ஓர் 'அல்ல' போதும். சமூகவியலில் காரணத்தை விளைவாகவும் விளைவைக் காரணமாகவும் எழுதினால் போதும். வரலாற்றில் எந்த ஒப்பந்தம் முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதைக் கொஞ்சம் நகர்த்தினால் மீதியெல்லாம் தானாகச் சரிந்துவிடும். பொருளாதாரத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. ரப்பர் விலை இறங்கினால் என்ன நடக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதில் அகப்பட்டுக்கொண்டிருப்பேன். பொருளாதாரத்தில் அவள் இரண்டு முறையும் நல்ல மதிப்பெண்ணோடு பாஸ் செய்தாள். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அவள் ஒரு தடவை கண்டுபிடித்தாள். அகராதி வாங்கியிருந்தாள். ஆங்கிலப் பாடத்தையும் என் நோட்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"சார், இந்த அன்லெஸ்னா 'இல்லாவிட்டால்'னுதான் டிக்‌ஷனரில போட்டிருக்கு. நீங்க 'இருந்தால்'னு எழுதியிருக்கீங்களே?"

நான் கோபப்படவில்லை. சிரித்தேன். "டிக்‌ஷனரி தனி வார்த்தைக்குத்தாம்மா. இது யுனிவர்சிட்டி இங்கிலீஷ். வாக்கியத்துல வந்தா அர்த்தம் மாறும். உனக்கு அது இன்னும் பிடிபடல."

"அப்போ நான் தப்பாப் படிச்சிட்டனா சார்?"

"தப்பாத்தான் படிச்சிருக்க. பரவாயில்ல. இந்த டிக்‌ஷனரி உன்னை ரொம்பக் குழப்புது. கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும்."

கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆங்கிலப் பாடத்தை அவள் திறக்கவே இல்லை. உறை வந்தால் பிரிக்காமல் நேரே என்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள். மலாயில் சுற்றறிக்கை வந்தால்கூட, அவள் பள்ளிக்கூடமே மலாயில் படித்தவள், என்னிடம் கொண்டுவந்து, "இதுக்கு இதானே சார் அர்த்தம்?" என்று கேட்க ஆரம்பித்தாள். நான் பொறுமையாக விளக்குவேன். நான் அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மீதியை அவளே செய்துகொண்டாள்.

ஜோசபின் ஒருநாள் கடலைத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பிள்ளைய எப்பதாங்க பாஸாக விடப் போறீங்க?" வேடிக்கைக்குச் சொன்னாளோ என்னவோ. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறையும் தவறியதும் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூட வேலையும் அந்த வருஷக் கடைசியில் போயிற்று. பழனியாண்டி என்னைப் பார்க்க வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வாத்தியாரே, நெசத்தச் சொல்லுங்க. எம் பொண்ணுக்கு மண்டையில ஒண்ணும் இல்லியா? திரும்பச் சேர்ந்து இன்னும் ஒரு தடவ முயற்சி பண்ணலாம்னா நான் காத்திருக்கேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லிக்கிறேன்."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நல்ல பிள்ளைதான் அண்ணே. ஆனா இந்தப் படிப்பு எல்லாருக்கும் வராது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அவளை முருகையா என்ற லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்துத் திகாம் பத்துவுக்கு அனுப்பினார்கள். முருகையா நல்ல மனிதர். அடி உதை ஒன்றும் கிடையாது. மறுவருஷம் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆகவே கெடுதல் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பத்திரண்டாம் வருஷம் பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் ஜோசபின் குரல் கேட்டது. "ஏங்க, பிரேமா வந்திருக்கு, கைப்பிள்ளையோட."

எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் வெறுப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

துணி போட்டு மூடிய குழந்தை அவள் தோளில் தூங்குவது போலக் கிடந்தது. பிரேமாவதி உட்காரக்கூட இல்லை. ஒரு தாளை நீட்டினாள். "சார், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. பாப்பாவுக்கு ரெண்டு நாளா வாந்தி, வயித்துப்போக்கு. நேத்து கிளினிக்ல மருந்து குடுத்து இந்தத் தாளையும் குடுத்தாங்க. அவரு லாரில ஈப்போ போயிட்டாரு. இங்கிலீஷா இருக்கு. எனக்கு ஒண்ணு படுது, ஆனா நான் படிச்சா தப்பாத்தான் இருக்கும்."

நான் கண்ணாடியைத் தேடினேன். அறையில் இருந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து தாளை முதலிலிருந்து படித்தேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்று மேலே இருந்தது. அதை அவளுக்கு விளக்கினேன். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை என்றும் விளக்கினேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது, பழைய சனிக்கிழமைகளைப் போல. அவளும் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. குழந்தை எதையும் குடிக்காமல் சோர்ந்து கண் செருகினால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் என்று.

அந்த வரியில் என் விரல் நின்றபோதுதான் ஜோசபின் துணியை விலக்கிப் பார்த்தாள். "ஐயோ, பிள்ள சில்லுன்னு இருக்குங்க" என்றாள்.

பக்கத்து வீட்டுக் காரில் கூலிம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர்கள் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

திகாம் பத்துவிலிருந்து லூனாஸுக்கு நேரே பஸ் கிடையாது, தம்பி, உங்களுக்குத் தெரியும். சுங்கை பட்டாணியில் இறங்கி மாற வேண்டும். அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. அன்று காலை அவள் அந்த ஊரில் குழந்தையோடு அடுத்த பஸ்ஸுக்காக நின்றிருக்கிறாள். கையில் அந்தத் தாள் இருந்தது. அவள் அதைப் படித்துமிருந்தாள். படித்துவிட்டு, தன்னை நம்பாமல், என்னிடம் வந்தாள்.

இதை நான் பாதிரியாரிடம் சொன்னதில்லை. சர்ச்சில் நற்கருணை அப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். முட்டி வலி என்று ஜோசபினிடம் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "சார், இது சரியா?" என்று கேட்டால் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் பழனியாண்டியைப் பசாரில் பார்த்தேன். "பிரேமா இப்ப பஸ் போர்டக்கூட அடுத்தவங்ககிட்டக் கேட்டுத்தான் ஏறுது வாத்தியாரே. பேப்பர் கையில தொடுறதில்ல" என்றார். வேறு குழந்தை இல்லை. முருகையா அவளை நன்றாகத்தான் வைத்திருக்கிறாராம்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. நான் செய்ததை எல்லாம் சொன்னேன், எதையும் குறைக்கவில்லை. நான் செய்த ஒரு நல்லதையும் நீங்கள் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

கூலிம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சு. ஜோசபின் போன் செய்யப் போயிருந்தாள். பிரேமாவதி வெறும் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்தத் தாள்ல கடைசியா என்ன போட்டிருந்துச்சு? உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு எனக்குப் பட்டுச்சு. நான் தப்பாத்தானே படிச்சேன்?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் படித்தாய் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"ஆமாம்மா," என்றேன். "தப்பாத்தான் படிச்ச. அப்படி ஒண்ணும் போடல."

அவள் மெல்லத் தலையாட்டினாள். அந்த இரண்டு வருஷமும் அவளுக்கு நான் எத்தனையோ பக்கம் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை மட்டும், தம்பி, அவளுக்காகவே மொழிபெயர்த்தேன்.