மலைப் பக்கம் விட்ட பாதி ரோடு

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, திருவண்ணாமலை டவுன் பஸ்ஸில் முண்டியடித்து ஏறியதில் என் சட்டைப் பட்டன் ஒன்று போயிற்று. முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவள் கேட்டாள்:

"நேத்து சாயந்திரம் உங்க மருமகளுக்கு வலி வந்துச்சாமேக்கா? கூட்டம் ஜாஸ்தியாச்சே, எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

"வேன்லதான். எங்க ஊரு அடி அண்ணாமலையில ஏறினோம். எங்கயும் நிக்கல."

"கிரிவலப் பாதையிலயா? கால் வைக்க இடம் இருக்காதே."

"ஜனமெல்லாம் இடது பக்கமாவே நடக்குதும்மா. மலைப் பக்கம் சித்தருங்க நடக்கிற இடம்னு பாதி ரோட்டை விட்டுட்டாங்க. அங்க ஒரு போலீஸ் இல்ல, கயிறு கட்டல. தானாவே விட்டிருக்காங்க."

"அந்தப் பக்கமா வண்டிய விட்டீங்க?"

"வேற வழி? டிரைவர்தான் பயந்துட்டாரு. செருப்பைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டினாரு. ஹாரன்கூட அடிக்கல."

இளையவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்போ சித்தருங்க?"

"அவங்களும் ஒதுங்கி நின்னிருப்பாங்க. பொண்ணு பொறந்திருக்கா."

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. இறங்குவதற்கு அந்த மூத்த அம்மாள், "கொஞ்சம் வழி விடுங்க" என்று நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது.