இரண்டு ஸ்வெட்டர் போட்டவர்

ஜனவரி மாலை, மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு தமிழர்கள். ஒருவர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"பதினோரு வருஷமா டெல்லில இருக்கேன் சார். இங்க குளிரும்ங்கிறதே இந்த வருஷம்தான் தெரியுது."

நண்பர் சிரித்தார். "முன்னாடி எப்படித் தெரியும்? சாயங்காலம் ஆறு மணிக்கே ரம் உள்ள போயிடுமே."

"முதல் தடவையா ஸ்வெட்டர் வாங்கப் போனோம். என் பொண்டாட்டி கடையிலேயே அழுதுட்டா. கடைக்காரன் பயந்துபோய், கலர் பிடிக்கலையா மேடம்னு ஹிந்தில கேக்குறான்."

"இன்னிக்கு ஆபீஸ்ல யாரும் கூப்பிடலையா?"

"கூப்பிடாம? 'தண்ட் ஹை யார், ஏக் பெக்', குளிருது ஒரு பெக் போடலாம்னாங்க. டீ போதும்னுட்டு வந்துட்டேன்."

முனிர்காவில் கதவு திறந்து மூடியது. நண்பர் எழவில்லை.

"உங்க ஸ்டேஷன் போயிடுச்சு சார். டெய்லி எனக்காக மூணு ஸ்டேஷன் தள்ளி வந்துட்டுத் திரும்பிப் போறீங்க. எங்க தெரு ஒயின்ஷாப்ப இனிமே நான் தனியாவே தாண்டிடுவேன்."

"தாண்டிடுவீங்க, தெரியும். குளிர் முடிஞ்சு ஹோலி வர்ற வரைக்கும் வர்றேன்."

ஸ்வெட்டர் போட்டிருந்தவர் மேல் ஸ்வெட்டரைக் கழற்றி நண்பரிடம் நீட்டினார்.

"போட்டுக்கோங்க. திரும்பிப் போறப்போ குளிரும் சார்."