முதல் அச்சு

ரெக்கார்டு கழுவக் குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலிருக்கும் உப்பு கோடுகளுக்குள் படிந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல ஊசியைப் போட்டாலும் கடுகு பொரிகிற சத்தம்தான் கேட்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைத்தான் வாங்க வேண்டும். என் அறையிலிருந்து எடுத்துப்போன இரண்டு கேன்களைப் பற்றி உங்கள் ஆட்கள் ஏதோ சந்தேகமாகப் பேசிக்கொண்டார்கள், அதனால் சொல்கிறேன். அது வெறும் தண்ணீர், மேடம். மற்றபடி நீங்கள் கேட்கிற எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். இருபத்தாறு வருடமாக ஒரே கடை. லென்ஸ் மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்கு மண்டையிடி வந்துவிடும். அந்தக் கண்டிப்பு ரெக்கார்டிலும் வந்துவிட்டது. என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாம் ஜாஸ். எல்லாமே முதல் அச்சு, அதாவது அந்த இசை வெளிவந்த வருடத்திலேயே அழுத்தியவை. பிற்காலத்தில் அதே உறை, அதே படத்தோடு மறுபடி அழுத்தி விற்கிறார்களே, அந்த மறுபதிப்புகளை நான் வாங்கியதில்லை. நண்பர்கள் எனக்கு ‘ஊசி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோபமில்லை.

அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அக்காவின் கணவர் டவுன் பஸ் டிரைவர். அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது வீட்டில் எல்லோரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் பலகை வாங்கிவந்து, தன் இரண்டு விடுமுறையைச் செலவழித்து, ஒரு சுவர் முழுக்க எனக்கு அலமாரி அடித்துக் கொடுத்தார். “பொண்டாட்டி வந்திருந்தா இந்த செவுத்துல பீரோ வந்திருக்கும் மாப்ள, நீ தப்பிச்ச” என்றார்.

அவருக்கு ஜாஸைப் பழக்கிவிட்டது நான்தான். இந்த விஷயத்தில் என் தவறு என்று ஒன்று இருந்தால் அதுதான்.

பழகியதும் சும்மா இருக்கவில்லை. தனக்கென்று ஒரு பிளேயர் வாங்கினார், மறுபதிப்புகளாக வாங்கிக் குவித்தார். கனமான புதுத் தட்டுகள், கீறலில்லாத சத்தம். “மூல டேப்புலேர்ந்து எடுத்தது மாப்ள, பக்கத்துல உக்காந்து ஊதுற மாதிரி இருக்கு பாரு” என்பார். உறைமேல் டீத் தம்ளரை வைப்பார். பாட்டு ஓடும்போதே சமையலறையிலிருந்து அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஆடுவார். அவர்கள் சிரிக்கிற சத்தம் என் அறைவரை கேட்கும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

என்னிடமுள்ளவற்றில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு பேர் வாசித்த சாக்ஸபோன் ரெக்கார்டு, அறுபது வருடப் பழசு. ஒரு பெரியவரிடமிருந்து எனக்கு வந்தது. அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். போன மாதம் அத்தான் அதே ரெக்கார்டின் மறுபதிப்பை வாங்கிக்கொண்டு வந்தார். உறை அச்சு அசலாக அப்படியே. நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம்கூட அதே நிறம், அதே எழுத்து. உள்விளிம்பில் கீறியிருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஞாயிறு மதியம் என் அறையில் நாலைந்து பேர் கூடிக் கேட்பது வழக்கம். பல் டாக்டர் ஒருவர் வருவார். அத்தான் அந்த மறுபதிப்பைக் கொண்டுவந்த அன்றைக்கு அவர்தான் ஆரம்பித்தார். “ஊசி, நீங்கதான் ரெண்டும் மலையும் மடுவும்னு சொல்றீங்களே. கண்ண மூடிட்டுச் சொல்லுங்க பாப்போம்.” பிளேயருக்கு முன்னால் ஒரு போர்வையைக் கட்டினார்கள். டாக்டர் நாணயத்தைச் சுண்டிச் சுண்டி, ஒரே பாட்டைப் பத்து முறை போட்டார். சில முறை என்னுடையது, சில முறை அத்தானுடையது. நான் நிதானமாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

பத்தில் நான்கு சரி. விளையாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்த அத்தானுக்கு ஆறு.

“காது டாக்டரப் போய்ப் பாருங்க, நான் பல்லு மட்டுந்தான் பாப்பேன்” என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விடுங்க டாக்டர். ரெண்டுமே நல்லாத்தானே இருக்கு” என்று பேச்சை மாற்றினார். அவரும் சிரித்துத் தொலைத்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பெரியவர். அவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு வருடத்துக்கு முன் படிக்கும் கண்ணாடிக்காக எங்கள் கடைக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஓட்டலில் சாக்ஸபோன் வாசித்தவர். மூன்றாவது மாடி, தனி ஆள். கண்ணாடியைக் கொடுக்க வீட்டுக்குப் போனபோதுதான் அந்த ரெக்கார்டைப் பார்த்தேன். அதன்பிறகு ஏழு மாதம், வாரம் தவறாமல் போனேன். அவருக்கு மாத்திரை வாங்கித் தருவேன், நகம் வெட்டிவிடுவேன். விலை கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். “நான் செத்தப்புறம் எடுத்துக்கோ தம்பி. உனக்கில்லாம யாருக்கு.”

ஆக, கொடுப்பதாக அவரே முடிவு செய்துவிட்டார். தேதி மட்டும்தான் பாக்கி இருந்தது.

மாடிப்படி செங்குத்தானது. அவர் கண்ணாடியை முதலில் கழற்றிவிட்டேன், நான் தேய்த்ததில் அது நல்ல லென்ஸ். முதல் தடவை விழுந்தது போதவில்லை. இடுப்பு முறிந்து, “தம்பி, தூக்கு தம்பி” என்றார். தூக்கினேன். ஆள் முப்பத்தைந்து கிலோதான் இருப்பார். மறுபடி மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. இரண்டாவது முறை தலை முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தார் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ளாது என்றார்கள்.

அதனால்தான் அந்த ஞாயிறு என்னைப் போட்டு உலுக்கிவிட்டது. பஸ் டிரைவர் ஒருவர் கடையில் கேட்டு வாங்கிவந்த புதுத் தட்டும் அதுவும் ஒன்றுதான் என்றால், பெரியவர் எதற்காகப் படியில் விழுந்தார்? இதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும், இல்லையா மேடம்?

திங்கட்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை பத்தரை இருக்கும். அக்கா தையல் கம்பெனிக்குப் போய்விட்டாள். நான் பிளேயரைப் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். ரெக்கார்டு உட்காருகிற உலோகத் தட்டு நான்கு கிலோ எடை, என் கையில் இருந்தது. ஆயுதம் எதையும் நான் தேடிப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தான் காக்கிச் சட்டையோடு மேலே வந்தார், மதிய ஷிப்ட். தன் மறுபதிப்பை என் மேசைமேல் வைத்தார். “இத நீயே வெச்சுக்க மாப்ள. பழச பத்திரமா பூட்டி வையி. தெனமும் கேக்க இது போதும்.” பெரியவருடையதும் மேசைமேல்தான் இருந்தது. அவர் இரண்டையும் உறையிலிருந்து எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து பார்த்தார். “ஒரு வித்தியாசமும் தெரியலியே. பாவம் அந்தப் பெரியவர். புதுசு வரும்னு தெரிஞ்சிருந்தா, அப்பவே தூக்கி உன் கையில குடுத்திருப்பாரு.”

தட்டின் விளிம்பால் காதுக்குப் பின்னால் அடித்தேன். அவர் விழவில்லை. திரும்பி, “மாப்ள, என்னடா” என்றார், பஸ்ஸில் காலை மிதித்துவிட்டவனைக் கேட்பதுபோல. இரண்டாவது அடி நெற்றியில். கண்ணில் ரத்தம் இறங்கியதும் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பலகை பெயர்ந்து முப்பது ரெக்கார்டு சரிந்தது. அடுத்த அடிகள் கொஞ்சம் பலமாக விழுந்ததற்கு அதுதான் காரணம். பற்கள் தரையில் தெறித்தன. உங்கள் டாக்டர் ஒன்பது அடி என்று எழுதியிருந்தால் ஒன்பதுதான். நான் ஏழுவரைதான் எண்ணினேன்.

பிறகு தட்டைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, பிளேயரைச் சுழற்றும் பெல்ட்டை மாட்டினேன். மேசையிலிருந்து பெரியவரின் ரெக்கார்டை எடுத்து, ஓரத்தைப் பிடித்து, தட்டில் வைத்தேன். ஒரு பக்கம் பத்தொன்பது நிமிடம் ஓடும். அத்தானுக்கு அப்போது உயிர் இருந்தது. “உங்கக்காவக் கூப்புடு” என்று இரண்டு முறை சொன்னார், வாய் சரியாக வராவிட்டாலும் எனக்குப் புரிந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு கொப்புளித்துக்கொண்டு நடுவில் வந்தது, அதையும் தாண்டிக் கேட்டேன். அப்போதுதான், மேடம், தெள்ளத் தெளிவாக வித்தியாசம் பிடிபட்டது. ஊதுவதற்கு முன்னால் அந்த சாக்ஸபோன்காரர் மூச்சை இழுக்கிறார். அந்த ஈரம், அந்த நெருக்கம் புதுத் தட்டில் வரவே வராது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பாட்டு முடிந்தபோது அத்தானும் முடிந்திருந்தார். அக்காவின் கம்பெனிக்குப் போன் போட்டேன். “அத்தானுக்கு அடிபட்டிருச்சு அக்கா. அவசரமில்ல, கைவேலைய முடிச்சிட்டே வா” என்றேன்.

நேற்று நீங்கள் ஒரு தாளைக் காட்டினீர்கள். பிளேயர் மேலிருந்த ரெக்கார்டின் உள்விளிம்பு எண்ணை உங்கள் ஆட்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்களாம். அது அத்தான் வாங்கிவந்த மறுபதிப்பாம். பெரியவருடையது மேசைமேல் தொடாமல் கிடந்ததாம்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். அதற்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தத் தாளில் மட்டும் போட மாட்டேன். எடுக்கும்போது உங்கள் ஆட்கள் மாற்றி வைத்துவிட்டார்கள். என் காதுக்குத் தெரியாதா?